அரை ஓம் பண்ற வேலை

வீட்டுல இருக்கிற எந்த கரண்ட் சாமானை வேணா எடுத்து பின்னாடி திருப்பிப் பாருங்க, ஒரு சின்ன பிளேட்டோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும், அதுல வோல்டேஜ் போட்டிருக்கும், கூடவே வாட்ஸோ ஆம்ப்ஸோ ஒண்ணு போட்டிருக்கும். வோல்டேஜ், கரண்ட் (ஆம்ப்ஸ்ல சொல்றது), ரெசிஸ்டன்ஸ் (கரண்ட் ஓடுறதை தடுக்கிற அளவு, ஓம்ல சொல்றது), பவர் (வாட்ஸ்ல சொல்றது) இந்த நாலுல எது ரெண்டு தெரிஞ்சாலும் மீதி ரெண்டை போட்டு எடுத்துடலாம். இது பரீட்சைக்கு மட்டும் ஆகுற கணக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா பாத்ரூம் ஹீட்டரோட பிளக் ஏன் கருகுதுன்னு கேட்டா பதில் இந்த கணக்குக்குள்ளதான் இருக்கு.

என் அக்கா பொண்ணு பத்தாவது படிக்கிறா. நோட்டுல ஒரு பெரிய வட்டம் போட்டு அதுக்குள்ள பன்னெண்டு பார்முலா எழுதி வெச்சு பன்னெண்டையும் மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா. நான் சொன்னேன், பாப்பா ரெண்டே ரெண்டு போதும். கரண்ட்டை ரெசிஸ்டன்ஸால பெருக்கினா வோல்டேஜ். வோல்டேஜை கரண்ட்டால பெருக்கினா பவர். மத்த பத்தும் இந்த ரெண்டை திருப்பிப் போடுறதுதான். ரெசிஸ்டன்ஸ் வேணும்னா வோல்டேஜை கரண்ட்டால வகுத்துக்கோ, அவ்ளோதான்.

அவளுக்கு நம்பிக்கை வரணும்ல, அதனால அயர்ன் பாக்ஸை எடுத்தோம். பிளேட்டுல 230 வோல்ட், 1000 வாட்ஸ்னு போட்டிருக்கு. 1000 ÷ 230, கரண்ட் 4.35 ஆம்ப்ஸ். அப்புறம் 230 ÷ 4.35, ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 52.9 ஓம். இது பேப்பர் கணக்கு. இப்ப பிளக்கை சாக்கெட்டுல இருந்து சுத்தமா உருவிட்டு (ஓம் அளக்கும்போது கரண்ட் இருக்கவே கூடாது, மீட்டரும் போகும் ஆளுக்கும் ஆபத்து), துணி டயலை காட்டன்ல திருப்பி வெச்சு, வோல்டேஜ், ஓம் எல்லாம் அளக்கிற மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் பிளக்குல இருக்கிற ரெண்டு சின்ன பின்னுல வெச்சா, மீட்டர் 52 பக்கத்துல வந்து நிக்குது. ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கும், கம்பெனிக்காரன் வாட்ஸை ரவுண்டாதான் போடுவான். பெட்டிய பிரிக்காம, ஸ்க்ரூவ கூட தொடாம, உள்ள இருக்கிற காயில் எத்தனை ஓம்னு வெளியில இருந்தே சொல்லிட்டோம், அது மீட்டர்லயும் அப்படியே வந்துச்சு. அந்த நேரத்துல அவ முகத்துல ஒரு மாற்றம் தெரிஞ்சுச்சு பாருங்க, அதுக்காக எத்தனை தடவை வேணா சொல்லிக் குடுக்கலாம்.

அப்புறம் அவளே ஆசையா பழைய குண்டு பல்பு ஒண்ணை எடுத்துட்டு வந்தா, 100 வாட்ஸ். கணக்கு போட்டா 0.43 ஆம்ப்ஸ், 529 ஓம். மீட்டரை வெச்சா 40 ஓம் பக்கம் காட்டுது. "மாமா, மீட்டர் தப்பா, பார்முலா தப்பா?"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. ரெண்டுமே தப்பில்ல. பல்பு எரியும்போது உள்ள இருக்கிற டங்ஸ்டன் கம்பி 2500 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடா இருக்கும், உலோகம் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும், அந்த 529ங்கிறது எரியுற பல்போட ரெசிஸ்டன்ஸ். நாம மீட்டர் வெச்சு பாக்கிறது கையில ஜில்லுன்னு இருக்கிற பல்பை. அயர்ன் பாக்ஸ்ல இந்த வித்தியாசம் ஏன் பெருசா வரலன்னா அதுல இருக்கிறது நிக்ரோம் கம்பி, நிக்கலும் குரோமியமும் கலந்தது, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் அதிகமா மாறாது, அதுக்காகவேதான் ஹீட்டர் காயிலுக்கெல்லாம் அதைப் போடுறாங்க. இந்த 40 ஓமை வெச்சு இன்னொண்ணும் தெரிஞ்சுக்கலாம், சுவிட்ச் போடுற அந்த முதல் நொடியில 230 ÷ 40, கிட்டத்தட்ட 5.75 ஆம்ப்ஸ் இழுக்கும், எரிய ஆரம்பிச்சதும் சட்டுனு 0.43க்கு இறங்கிடும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதுதான் டப்புனு போகும், எரிஞ்சிட்டு இருக்கும்போது போறது கம்மி, காரணம் இதுதான்.

அடுத்தது லோ வோல்டேஜ். மே மாசம் ராத்திரி தெருவுல எல்லார் வீட்டுலயும் ஏசி ஓடும்போது சில ஏரியாவுல வோல்டேஜ் 180க்கு வந்து நிக்கும். அப்ப 700 வாட்ஸ் ரைஸ் குக்கர் எவ்ளோ வாட்ஸ் எடுக்கும்? நிறைய பேர் 700ஐ 180ஆல வகுத்து 3.9 ஆம்ப்ஸ்னு சொல்லிடுவாங்க, அதாவது வோல்டேஜ் இறங்கினா கரண்ட் ஏறிடும்னு. குக்கருக்கு அது பொருந்தாது. குக்கர்ல மாறாம இருக்கிறது அதோட ரெசிஸ்டன்ஸ்தான், வாட்ஸ் கிடையாது. 230ல 700 வாட்ஸ்னா ரெசிஸ்டன்ஸ் 75.6 ஓம். 180 ÷ 75.6, கரண்ட் 2.38 ஆம்ப்ஸ்தான். பவர் 180 × 2.38, 429 வாட்ஸ். வோல்டேஜ் இறங்கினது நூத்துக்கு 22 பங்கு, பவர் இறங்கினது நூத்துக்கு 39 பங்கு, ஏன்னா வோல்டேஜ் குறையும்போது கரண்ட்டும் கூடவே குறையுது, ரெண்டும் சேர்ந்துதான் பவர். அன்னிக்கு சாதம் வேக நேரம் ஆகுதுன்னு அரிசிய குறை சொல்லாதீங்க. (ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டர் இதுங்க கதை வேற, லோ வோல்டேஜ்ல அதுங்க நிஜமாவே கரண்ட்டை அதிகமா இழுத்து காயில் சூடாகும், அதுக்குதான் ஸ்டெபிலைசர்.)

இப்ப நான் சொல்ல வந்த மெயின் விஷயத்துக்கு வரேன்.

எங்க பிளாட்ல கீழ் வீட்டு அக்கா வீட்டுல 2000 வாட்ஸ் ஹீட்டர். அதோட பிளக் அடிக்கடி கருகும், எலக்ட்ரீசியன் யாராவது வந்து புது த்ரீ பின் டாப் போட்டுட்டு காசு வாங்கிட்டு போவாங்க, சில மாசம் கழிச்சு திரும்ப அதே கருகல் வாடை. "தம்பி, எம்சிபி நல்லாதான் இருக்கு, ஆர்சிசிபி கூட போட்டிருக்கோம், ஒண்ணுமே ட்ரிப் ஆகல, அப்புறம் எப்படி தம்பி இது எரியுது?"ன்னு கேட்டாங்க. (எம்சிபி, ஆர்சிசிபி ரெண்டும் கோளாறுன்னா தானா கரண்ட்டை கட் பண்ற சுவிட்ச்.) கழட்டி வெச்சிருந்த பழைய பிளக்கை கையில குடுத்தாங்க. மூணு பின்னுல ஒண்ணு மட்டும் பித்தளை கலர் போய் நீலமும் கருப்புமா மாறியிருக்கு, அந்த பின்னை சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் இளகி கொஞ்சம் வளைஞ்சிருக்கு, பக்கத்து பின் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. ஓவர்லோடா இருந்தா ரெண்டு பின்னும் சேர்ந்து சூடாகியிருக்கணும், ரெண்டுலயும் ஒரே கரண்ட்தான போகுது. ஒண்ணு மட்டும் கருகியிருக்குன்னா அந்த ஒரு இடத்துல கான்டாக்ட் சரியில்லன்னு அர்த்தம்.

கணக்கு போடுவோம். 2000 வாட்ஸ் ஹீட்டர், 230 வோல்ட், கரண்ட் 8.7 ஆம்ப்ஸ், காயில் ரெசிஸ்டன்ஸ் 26.45 ஓம். இப்ப பின்னுக்கும் சாக்கெட் உள்ள இருக்கிற பித்தளை கிளிப்புக்கும் நடுவுல பிடிப்பு தளர்ந்து, வெறும் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க. மொத்தம் 26.95 ஓம். கரண்ட் 8.53 ஆம்ப்ஸ். அந்த அரை ஓம்ல எவ்ளோ பவர் போகும்? வோல்டேஜ் 8.53 × 0.5, அதாவது 4.27 வோல்ட். பவர் 4.27 × 8.53, 36 வாட்ஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சால்டரிங் அயர்ன் வாங்குவோம்ல, ஈயத்தை உருக்குற சாமான், அது சாதாரணமா 25 வாட்ஸ். அதைவிட அதிக சூடு, விரல் நுனி அளவு இடத்துல, பிளாஸ்டிக்குக்கு நடுவுல, அக்கா குளிக்கிற தண்ணி காயுற வரைக்கும் தினமும். கருகாம என்ன பண்ணும்?

எம்சிபி ஏன் விழலங்கிறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. எம்சிபி பாக்கிறது கரண்ட் அளவுக்கு மேல போகுதான்னு மட்டும்தான். நம்ம கேஸ்ல கரண்ட் 8.7ல இருந்து 8.53க்கு குறைஞ்சிருக்கு. ஆர்சிசிபி பாக்கிறது போன கரண்ட் அப்படியே திரும்பி வருதான்னு, அதுவும் வருது. ரெண்டுக்குமே எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். லூஸ் கான்டாக்ட்டை வீட்டுல சாதாரணமா இருக்கிற இந்த மாதிரி சுவிட்ச் எதுவும் கண்டுபிடிச்சு குடுக்காது, அந்த ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

அரை ஓமை மல்டிமீட்டர்ல ஓம் மோடுல வெச்சு நேரா அளக்க முடியாதா? சாதாரண மீட்டர்ல அது சரியா வராது, மீட்டரோட வயருக்கே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும், அதுவும் பிளக்கை உருவி திரும்ப சொருகினாலே கான்டாக்ட் மாறிடும். இங்கதான் வோல்டேஜையும் கரண்ட்டையும் வெச்சு ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிக்கிறதோட அருமை தெரியும். எங்களுக்கு தெரிஞ்ச வயசான எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருத்தரை கூப்பிட்டோம். அவரு ஹீட்டரை ஓட விட்டாரு, எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸ்ல, பேஸ் வயர்ல மட்டும், வயரை கவ்விப் பிடிச்சு கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டினாரு (பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டினா சைபர்தான் காட்டும், போறதும் வர்றதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்), 8.4 ஆம்ப்ஸ். அப்புறம் டக்கு டக்குனு மூணு இடத்துல வோல்டேஜ் பாத்தாரு, ஏன்னா லைன் வோல்டேஜே அப்பப்ப ஆடும், நிதானமா பாத்துட்டு இருந்தா ஏமாந்துடுவோம். டிபில 228. சாக்கெட் பின்னாடி வயர் மாட்டுற ஸ்க்ரூல 226.5. ஹீட்டர் உள்ள கனெக்டர்ல 222. இதை நீங்க செய்யாதீங்க, லைன் ஓடும்போது மூடியை திறந்து அளக்கிறது அந்த வேலை தெரிஞ்சவங்க மட்டும் பண்றது.

இந்த மூணு நம்பரை நோட்டுல எழுதி வெச்சு பத்தாவது படிக்கிற என் அக்கா பொண்ணுகிட்ட குடுத்தேன், அவளே போட்டா. டிபில இருந்து சாக்கெட் வரைக்கும் 1.5 வோல்ட் குறையுது, ÷ 8.4, 0.18 ஓம். அது நியாயமான வயர் ரெசிஸ்டன்ஸ்தானா? போட்டிருக்கிறது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், அது கிலோமீட்டருக்கு 7.4 ஓம் பக்கம், டிபில இருந்து பாத்ரூம் 12 மீட்டர், போக வர 24 மீட்டர், அதுவும் 0.18 ஓம். வயர்ல ஒரு குறையும் இல்ல. ஆனா சாக்கெட் ஸ்க்ரூல இருந்து ஹீட்டர் கனெக்டர் வரைக்கும், ஒரு முழம் நீளம் கூட இல்ல, அங்க 4.5 வோல்ட் காணாம போகுது. 4.5 ÷ 8.4, 0.54 ஓம். 12 மீட்டர் வயரைவிட மூணு மடங்கு ரெசிஸ்டன்ஸ் ஒரு பிளக் சாக்கெட்டுல. 4.5 × 8.4, 38 வாட்ஸ்.

அண்ணன் சாக்கெட்டை கழட்டி காட்டினாரு, உள்ள கிளிப் சூட்டுல நிறம் மாறி ஸ்பிரிங் போய் அகண்டு கிடக்கு. "பிளக்கை மட்டும் மாத்திட்டே இருந்தா என்னம்மா பிரயோஜனம், பிடிக்க வேண்டிய கிளிப்பு செத்துப் போச்சு, புது பின்னையும் இதுதான எரிக்கும்"னாரு. சாக்கெட், பிளக் ரெண்டையும் நல்ல கம்பெனி 16 ஆம்ப்ஸ்ல சேர்த்து மாத்தினாரு, வயர்ல கருகின நுனிய வெட்டி எறிஞ்சுட்டு புதுசா சீவி, ஒரு இழை கூட வெளிய நிக்காம முறுக்கி உள்ள விட்டு ஸ்க்ரூவ இறுக்கினாரு. அதுக்கப்புறம் வாடை வரல. முன்னாடி வந்தவங்க யாரும் சாக்கெட்டை திறந்து பாக்கலங்கிறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு, அந்த வீட்டுல சின்ன குழந்தை இருக்கு.

இந்த கணக்கை பாத்தீங்கன்னா சூடுக்கு ரெசிஸ்டன்ஸைவிட கரண்ட்டுதான் பெரிய காரணம்னு புரியும். கரண்ட் × கரண்ட் × ரெசிஸ்டன்ஸ், கரண்ட் ரெண்டு தடவை வருது. அதே அரை ஓம் லூஸ் கான்டாக்ட் ஒரு ஃபேன் லைன்ல இருந்தா, கரண்ட் 0.33 ஆம்ப்ஸ், பவர் 0.05 வாட்ஸ், வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாது. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. இதை 1841ல அளந்து எழுதினவர் ஜூல், மான்செஸ்டர் பக்கம் பீர் தயாரிக்கிற குடும்பத்துப் பையன். வோல்டேஜ் கரண்ட் ரெசிஸ்டன்ஸ் உறவை 1827ல புத்தகமா போட்டவர் ஓம், ஜெர்மனில கொலோன் ஊர்ல ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர். அந்தக் காலத்து பேட்டரி வோல்டேஜ் நிலையா நிக்காம இறங்கிட்டே இருந்ததால, ரெண்டு உலோகத்தை சேர்த்து ஒரு முனையை கொதிக்கிற தண்ணிலயும் இன்னொரு முனையை ஐஸ்லயும் வெச்சு, அதுல வர்ற ஆடாத வோல்டேஜை வெச்சு அளந்தாரு. சொந்த நாட்டுல ஆரம்பத்துல அவரை சரியா மதிக்கல, லண்டன் ராயல் சொசைட்டி 1841ல காப்லே மெடல் குடுத்துச்சு, ஜூல் எழுதின அதே வருஷம்.

இதே கணக்கு நம்ம சென்னை பீச் தாம்பரம் லோக்கல் ட்ரெயின்லயும் ஓடுது. 1931ல அந்த லைனை கரண்ட்ல ஓட்ட ஆரம்பிச்சப்போ 1500 வோல்ட் டிசி (ஒரே திசையில ஓடுற கரண்ட்). இப்ப ஓடுறது 25,000 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடுற கரண்ட்). ஒரு ட்ரெயினுக்கு 10 லட்சம் வாட்ஸ் வேணும்னு ஒரு பேச்சுக்கு வைங்க, 1500 வோல்ட்ல 667 ஆம்ப்ஸ் போகணும், 25,000ல 40 ஆம்ப்ஸ் போதும். அதே பவர், அதே கம்பின்னா கம்பில வீணாகுற சூடு 278 மடங்கு குறையும். தெருவுல டிரான்ஸ்பார்மர் வரைக்கும் 11,000 வோல்ட்ல கொண்டு வந்துட்டு வீட்டுக்கு பக்கத்துல வந்து 230க்கு இறக்குறதும் இதுக்காகத்தான்.

ஒரு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. வோல்டேஜை கரண்ட்டால பெருக்கினா பவர்ங்கிறது ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு மாதிரி சுத்தமா சூடு பண்ற சாமானுக்கு அப்படியே பொருந்தும். மோட்டர்ல பொருந்தாது. தண்ணி மோட்டர்ல கிளாம்ப் 4 ஆம்ப்ஸ் காட்டினா 230 × 4, 920னு சொல்லிடக் கூடாது, பவர் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு (அந்த பெருக்கல்ல எத்தனை பங்கு நிஜ பவர்னு சொல்ற எண்), அது 0.7ஆ இருந்தா நிஜ பவர் 644 வாட்ஸ்தான், இபி மீட்டர்ல யூனிட் ஏறுறதும் இந்த 644க்குதான். அதே மாதிரி மோட்டர் காயிலை ஓம்ல அளந்து 230ஐ அதால வகுத்தா ரொம்ப பெரிய கரண்ட் வரும், ஓடும்போது காயிலோட காந்தம் எதிர்ப்பு குடுக்கிறதால நிஜ கரண்ட் அதைவிட ரொம்ப கம்மி.

சின்ன சாமான்லயும் பவரை பாக்காம விடாதீங்க. 12 வோல்ட் அடாப்டர்ல ஒரு வெள்ளை எல்இடி போடணும்னா, எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கும், மீதி 9 வோல்ட், 20 மில்லி ஆம்ப்ஸ் போதும், 9 ÷ 0.02, 450 ஓம். கடையில கிடைக்கிறது 470, மஞ்சள் ஊதா பிரவுன் கோடு போட்டது. அதுல போற பவர் 0.17 வாட்ஸ், கால் வாட்ஸ் ரெசிஸ்டர் தாங்கும். அதையே 24 வோல்ட்ல மாட்டினா மீதி 21 வோல்ட், 45 மில்லி ஆம்ப்ஸ், பவர் 0.94 வாட்ஸ், ரெசிஸ்டர் புகைஞ்சிடும், எல்இடியும் ரொம்ப நாள் தாங்காது. ஓம் மட்டும் கேட்டு வாங்கினா பத்தாது, வாட்ஸும் கேட்டு வாங்குங்க.

கடைசியா மழைக்காலம் வந்தா வீட்டுக்கு வீடு வெளிய எடுக்கிற வாட்டர் ஹீட்டர் ராடு. 1500 வாட்ஸ், 6.5 ஆம்ப்ஸ். இதை 6 ஆம்ப்ஸ் சின்ன பிளக்குல, அதுவும் டிவிக்கு வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுறவங்க நிறைய பேர். எக்ஸ்டென்ஷன் வயர் 1 ஸ்கொயர் எம்எம், 10 மீட்டர்னா போக வர 0.39 ஓம், 16 வாட்ஸ் வயர்லயே சூடா போகும். 10 மீட்டர்ல பரவினா அது பெருசில்ல, ஆனா சுருட்டி கட்டி வெச்சுக்கிட்டு ஓட்டினா அந்த 16 வாட்ஸும் ஒரே சுருள்ல அடையும், இன்சுலேஷன் இளகிடும். அதனால ராடை 16 ஆம்ப்ஸ் பாயின்ட்ல நேரா போடுங்க, வேற வழியே இல்லன்னா சுருளை முழுசா பிரிச்சு போடுங்க. ஓடி முடிச்சதும் சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டு, கையை நல்லா துடைச்சுட்டு, பிளக்கை உருவி பின்னை சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்கை தொட்டுப் பாருங்க. லேசா வெதுவெதுப்பு இருந்தா பரவால்ல, கை வைக்க முடியாத சூடுன்னா பிளக்கை மட்டும் மாத்தாம சாக்கெட்டையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க.